ஒரு சொடக்கு என்றால் ஆமாம்

சத்தம் முதலில் மாமனாருக்குத்தான் கேட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வந்து போய், வீட்டில் மறுபடி அடுப்பும் துணியும் குப்பையுமாக அன்றாடம் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அவள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது மாமனார் முன்னறை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையை உயர்த்தி அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"சத்தம் போடாத. வந்திருக்கான்."

"யாரு மாமா?"

"யாருன்னா கேக்கற? சொடக்குப் போட்டான். ரெண்டு தடவை."

பையைக் கீழே வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதையாவது யோசித்தால் விரல்கள் தாமாகச் சொடுக்கும். அதுவும் முன்னறையில் அவன் ஆசையாக வளர்த்த கடல்மீன் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டால் போதும், டக், டக் என்று ஓயாது. "நாயைக் கூப்பிடற மாதிரி இருக்குடா" என்று மாமனார் எரிந்து விழுவார். அதற்குப் பதிலாகவும் ஒரு சொடக்கு வரும். ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில், கருவிப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்த இடத்திலேயே அவன் மூச்சு நின்றுபோனது. தூங்குகிறான் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. அவன் ஏற வேண்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நின்று, போய்க்கொண்டிருந்தன. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மரணத்தைவிட அந்த பஸ்கள்தான் தாங்க முடியாதவையாக இருக்கும்.

மாமனார் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கண்ணில் நீரழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. "கண்ணு போனா என்ன, காது கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். மாடிப்படியில் ஏறுவது யார், எந்தச் செருப்பு என்றுகூடச் சொல்லிவிடுவார். ஆனாலும் அன்று அவள் நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனசு, எதையாவது கேட்கத்தான் செய்யும் என்று சாப்பாட்டைப் போட்டுக்கொடுத்துப் பேச்சை மாற்றினாள்.

அடுத்த விடுமுறை மதியம் அவளுக்கே கேட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் விளக்குகள் அவன் வைத்துவிட்டுப் போன நேரத்துக்குத் தாமாக எரிந்தன. முதலில் நீலம், பிறகு வெள்ளை. உப்புத் தண்ணீரைத் தள்ளும் மோட்டார் ஒன்று நின்றது. இன்னொன்று முனக ஆரம்பித்தது. செத்தவன் போட்ட உத்தரவுகளுக்கு அந்தத் தொட்டி இன்னும் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது. அப்போதுதான், டக். கண்ணாடியில் நகம் பட்டதுபோல அல்ல. எலும்பும் தோலும் உரசித் தெறிக்கும் அதே சொடக்கு. கையிலிருந்த சட்டை நழுவியது. அது அவனுடையது, கொடுத்துவிட மனமில்லாமல் துவைத்துத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றார் மாமனார், ஜெயித்தவர் குரலில்.

"கேட்டுச்சு மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மாமனாருக்குச் செத்துப்போயிருந்த களை முகத்தில் திரும்பியது. கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து பதில் வரும். பிறகு விதியும் வகுத்துவிட்டார்.

"ஒரு சொடக்குன்னா ஆமா. ரெண்டுன்னா வேணாம். சரியாடா?"

டக்.

முதலில் சின்னச் சின்னக் கேள்விகள். ஜன்னலைச் சாத்தட்டுமா, குளிச்சிடட்டுமா என்று. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, முதுகுத்தண்டும் சில்லிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். முகம் தெரியாத மனிதர்களின் வாய்கள் எல்லாம் பிளாஸ்டர் அச்சுகளாக அலமாரியில் வரிசையாகத் திறந்திருக்கும். அவற்றுக்குப் பொருத்தமாகப் பல் செதுக்கி, நிறம் பார்த்து, மெருகு ஏற்ற வேண்டும். கணவன் அவளைப் "பல்லுக்காரி" என்றுதான் கூப்பிடுவான். முதலாளியம்மா வேறு ஊரில் இன்னொரு கூடம் திறக்கப்போவதாகவும், அதை இவள்தான் பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்றும், தங்குவதற்குக் கீழ்த்தளத்திலேயே வீடு இருக்கிறது, மாமனாருக்குப் படி ஏறும் தொல்லையில்லை என்றும் சொன்னாள். வந்து மாமனாரிடம் சொன்னாள் இவள்.

"இதை முடிவு பண்றதுக்கு நான் யாரு? அவனைக் கேப்போம்" என்று அவர் தடியைத் தட்டினார். "உன் பொண்டாட்டி ஊரை மாத்தலாமா?"

டக், டக்.

"பாத்தியா? வேணாங்கறான்."

மறுநாள் அவள் முதலாளியம்மாவிடம் போய், சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டாள். பேய்க்குப் பயந்தாளா, புருஷனுக்குப் பயந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மேசையில் யாரோ அச்சைத் தட்டி மாவை உதறினால்கூட அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள்.

இதற்கிடையில் தொட்டி பாழாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதன் பக்குவம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயம். கிட்டப் போவதே எப்போதாவதுதான். போனால் ஒரு சிட்டிகை இரையைத் தூவிவிட்டு ஓடிவந்துவிடுவாள். கண்ணாடி விளிம்புகளில் உப்பு பூத்து மேலேறியது. பவளங்கள் மேல் பச்சைப் பாசி மயிர் மயிராக முளைத்தது. நீரோட்டத்தில் அது தலைமுடி போலப் புரண்டது. பாறைக்குப் பின்னால் யாரோ முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. அதைவிட மோசம், மீன்கள் காணாமல் போயின. செத்து மிதந்தால் ஒன்றுமில்லை. இருந்த இடமே தெரியாமல், ஒரு செதிள்கூட மிச்சமில்லாமல் போயின. ஆரஞ்சு நிற ஜோடியில் ஒன்று போனது. மறுநாள் மற்றது தனியாக மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது.

அவள் அதை மாமனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"கூட்டிக்கிட்டுப் போறான்" என்றார் அவர், நிதானமாக. "அவன் வளர்த்தது, அவன் கூட்டிக்கிட்டுப் போறான்." தடியை எடுத்துத் தட்டினார். "ஏண்டா, நானும் வரட்டுமா?"

"மாமா!"

டக்.

அவள் காத்திருந்தாள். இரண்டாவது சொடக்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று காத்திருந்தாள். வரவில்லை.

அன்றிலிருந்து அவர் மாத்திரைகளைத் தொடவில்லை. ரத்தக் கொதிப்புக்கு, இதயத்துக்கு, கண்ணுக்குச் சொட்டுமருந்து, எதுவும் வேண்டாம். "ஊருக்குக் கிளம்பறவனுக்கு எதுக்கும்மா மூட்டை?" என்றார். கோபமில்லை, அழுகையில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்ட மனிதரின் சமாதானம் அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. கால்கள் வீங்க ஆரம்பித்தன. கெஞ்சினாள், திட்டினாள், கஞ்சியில் மாத்திரையைக் கரைத்துப் பார்த்தாள். நாக்கிலேயே கண்டுபிடித்துக் கிண்ணத்தை நகர்த்திவிட்டார்.

இனி அந்தத் தொட்டி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்தாள். அது புருஷனே ஆனாலும் சரி. பெற்றவரைச் சாவுக்குக் கூப்பிடுகிற பிள்ளையை அவளுக்குத் தெரியாது.

கணவனின் சிநேகிதன் ஒருவன் கடல்மீன் கடை வைத்திருந்தான். எந்நேரமும் சட்டையில் உப்புக்கறை படிந்திருப்பதால் எல்லோரும் அவனை "உப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியைப் பிரித்தெடுத்துப் போக வந்தவன், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"பிரிக்க வேணாம் அண்ணி. பவளம் உள்ள உசிரோடதான் இருக்கு. பாசி மூச்சு முட்ட வச்சிருக்கு, அவ்வளவுதான்."

"எனக்கு வேணாம் தம்பி. எடுத்துட்டுப் போயிடுங்க."

"எடுத்துட்டுப் போறேன். ஆனா இந்தப் பாசியோட என் கடைக்குள்ள கொண்டு போனா, அங்க இருக்கறதுக்கும் ஒட்டிக்கும். ஒரு குளியல் போட்டுத்தான் எடுக்கணும்." பையிலிருந்து ஒரு பழுப்புப் புட்டியை எடுத்தான். "ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவுற அதே மருந்துதான். தொட்டித் தண்ணியில கொஞ்சமா கலந்து, பவளத்தை ஒண்ணொண்ணா முக்கி எடுத்தா பாசி வெந்து போயிடும், பவளம் தாங்கிக்கும். ரொம்ப நேரம் விட்டா அதுவும் போயிடும். கையுறை இருக்கா? சில பவளத்துல விஷம் உண்டு, கண்ணுல தெறிக்கக் கூடாது."

கையுறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் அவளிடம் பஞ்சமில்லை. வேலைக்கூடத்துச் சாமான்கள் வீட்டிலும் இருந்தன. தரையில் பழைய போர்வையை விரித்து மூன்று பிளாஸ்டிக் பேசின்களை வைத்தார்கள். ஒன்றில் மருந்துத் தண்ணீர். மற்ற இரண்டிலும் அலசுவதற்குச் சுத்தமான உப்புத் தண்ணீர்.

"அவன் இடத்துல கை வைக்காதீங்க" என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து. "கோச்சுக்குவான்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

முதல் பவளம் மருந்தில் இறங்கியதும் நுரைத்தது. ஒவ்வொரு பச்சை இழையின் நுனியிலும் முத்து முத்தாகக் குமிழ்கள் கிளம்பி, பேசின் முழுக்கச் சீறியது. மாமனார் தலையைச் சாய்த்தார். "ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். அவள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியை மெல்லத் தேய்த்தாள். கொத்துக் கொத்தாகக் கழன்று வந்தது. அடியில் அவள் மறந்தே போயிருந்த ஊதா எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகத்தளவு துண்டாக அவன் வாங்கி வந்து, "பாரு பல்லுக்காரி, இது ஒருநாள் உன் உள்ளங்கை அளவுக்கு வளரும்" என்று சொன்ன பவளம். உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்திருந்தது. கண்ணாடிக்குள் கண் மங்கியது. துடைத்துக்கொள்ள முடியாத கோலத்தில் இருந்தாள்.

கடைசியாகப் பெரிய பாறை. ஓட்டையும் உடைசலுமான அதை உப்பு இரு கைகளாலும் தூக்கி மருந்தில் இறக்கினான். நுரை பொங்கியது. பாறைக்குள்ளிருந்து, டக். டக். டக்டக்டக்.

பேசின் அதிர்ந்தது. மாமனார் தடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "அங்க இருக்கான்! அவனை என்ன பண்றீங்க? விடுங்கடா அவனை!"

ஓர் ஓட்டையிலிருந்து அது வெளியே தெறித்தது. விரல் நீளம். பாசிப்பச்சை உடம்பு. காம்பில் நின்ற இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்றன. ஒன்று உப்பைப் பார்க்க, ஒன்று அவளைப் பார்த்தது. மார்பில் மடக்கி வைத்திருந்த இரண்டு முழங்கைகளில் ஒன்று கண்ணுக்கே தெரியாத வேகத்தில் நீண்டு பேசினைக் குத்தியது. டக்.

"அடப்பாவி" என்றான் உப்பு. "குத்துச்சண்டை இறால். பாறையோட எப்பவோ குட்டியா வந்திருக்கும். மீனெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா? நீங்க இரை போடறதைக் குறைச்சதும் தொட்டியில இருந்த நத்தையையும் உடைச்சுத் தின்ன ஆரம்பிச்சிருக்கு. சத்தம் ஏதாவது கேட்டிருக்குமே?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரை மாற்ற வேண்டாம் என்றது இது. வா என்று கூப்பிட்டது இது. தடித் தட்டலின் அதிர்வு தரை வழியாகத் தொட்டிக்குப் போயிருக்கிறது. மிரண்டு இது பதிலுக்குக் குத்தியிருக்கிறது. ஒரு குடும்பமே இதன் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறது.

மருந்தில் அது துவண்டது. கால்களில் நுரை ஒட்டியிருந்தது.

"அப்படியே விட்டா போயிடும் அண்ணி" என்றான் உப்பு குரலைத் தாழ்த்தி. "அப்பாகிட்ட வெறும் நண்டுன்னு சொல்லிடலாம், சத்தம் போட்டது இதுதான்னு சொல்ல வேணாம். மனசு உடைஞ்சிடும் அவருக்கு."

சொல்லாவிட்டால் இவர் சாவார். சொன்னால் இவருடைய பிள்ளை மறுபடி சாவான். அவள் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் மருந்தில் விட்டு அதை அள்ளி அலசும் பேசினுக்கு மாற்றினாள். போகிற போக்கில் அது கையுறையோடு சேர்த்து அவள் கட்டைவிரலைக் குத்தியது. நகம் பிளந்து ரத்தம் வந்தது. வலி உச்சி வரை ஏறியது. வலித்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது. பேய் குத்தி ரத்தம் வந்ததாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"மாமா, இங்க வாங்க. கையைக் குடுங்க."

பேசினின் வெளிப்பக்கத்தில் அவர் உள்ளங்கையைப் பதித்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள். பிறகு தரையைத் தட்டினாள்.

டக்.

பிளாஸ்டிக் வழியாக அது அவர் கையில் இறங்கியது. அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"என்னது இது?"

"இறால் மாமா. ஒரு சாதி இறால். பாறைக்குள்ள இருந்திருக்கு."

"ஓ" என்றார். கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சுவரைத் தடவியபடி தன் அறைக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

உப்பு அதை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனான். பவளங்களை ஆள் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லித் தொட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுப் போனான்.

பிறகு வந்த நாட்கள் இன்னும் கொடுமை. மாமனார் மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார், சோற்றைக் கொடுத்தால் தின்றார். தடி மூலையில் சாய்ந்து கிடந்தது. விளக்குகள் அவன் வைத்த நேரத்துக்கு எரிந்தன, அணைந்தன. மதிய வேளையில் வீடு முழுக்க ஒரு நிசப்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி மடிக்கும்போது தன் கை நின்றுவிடுவதையும், தான் காது கொடுத்துக் காத்திருப்பதையும் அவள் கண்டுகொண்டாள். பயந்து பயந்து கேட்ட சத்தத்துக்கு இப்போது ஏங்கினாள். ஒருமுறை, வெட்கத்தை விட்டு, அவளே தரையைத் தட்டிப் பார்த்தாள்.

தொட்டியில் மிச்சமிருந்த பாசி வெளுத்து, உதிர்ந்து, பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு மாலை, பேச்சு கொடுப்பதற்காகவே மாமனாரை அழைத்து வந்து உட்கார வைத்து, எது எந்த நிறத்தில் விரிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன மாமா?"

"தண்ணிக்குள்ள இருந்து வர்ற சத்தம்னு. ஆயுசு பூரா ஸ்பீக்கரைக் கேட்ட காது. காத்துல வர்றது வேற, தண்ணியில வர்றது வேற. தெரிஞ்சுதான் கேட்டேன். எனக்குப் பிடிச்ச பதில் வந்தா எடுத்துக்கிட்டேன். வராத அன்னைக்கு, அவனுக்குக் காதுல விழலன்னு மறுபடி கேட்டேன்." தொண்டையைச் செருமினார். "நீ ஊருக்குப் போயிட்டா என்னை எங்கயாவது விட்டுடுவியோன்னு பயம். அதான் உண்மை."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "உங்களை விட்டுட்டு நான் எங்க மாமா போவேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ஆனா முதல் நாள் கேட்டது தண்ணியில இல்ல."

தொட்டியின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், நம்பினா நம்பு" என்றார். "அன்னைக்கு என் வலது காது ஓரத்துல கேட்டுச்சு. ஸ்பேனர் பிடிச்சுக் காய்ச்சுப் போன விரலு, அந்தச் சொரசொரப்போட. ரெண்டு தடவை. நான் எதுவும் கேக்கவே இல்ல அன்னைக்கு. அப்ப அது எதுக்குப் பதில்?"

அவள் திரும்பி அவர் நாற்காலியின் வலப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே சுவரும், சுவரில் அவர் தலை சாய்த்துச் சாய்த்து விழுந்த எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. இறாலைக் காட்டி அதை அவளால் மறுக்க முடியவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை.

அவள் போய்க் கேட்டபோது, முதலாளியம்மா புதுக் கூடத்துக்கு இன்னும் ஆளைப் போட்டிருக்கவில்லை. "நீ திரும்பி வருவேன்னு தெரியும்" என்றாள், தெரியாமலேயே. உப்பு தொட்டியைப் பிரித்து எடுத்துப்போனான். பவளங்கள் அவன் கடையில் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அந்த இறாலுக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தான். வருகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்களாம். விடைபெறப் போனவள் அந்தப் பக்கம் திரும்பாமலே வந்துவிட்டாள்.

வீட்டைக் காலி செய்த நாளில் சாமான்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. தொட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. மாமனார் படியிறங்கத் தயாராக வாசலில் நின்றவர், "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே திரும்பிப் போனார். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. வெற்று அறையில் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவது கேட்டது. சொற்கள் புரியவில்லை. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போகலாமா என்று அவள் கதவில் கை வைத்தபோது, அவரே வெளியே வந்தார்.

"என்ன மாமா கேட்டீங்க?"

"கேக்கலம்மா" என்றார், அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "சொல்லிட்டு வந்தேன்."

ஒவ்வொரு படியாக, அவர் கால் பதிவதைப் பார்த்துப் பார்த்து, அவரைக் கீழே இறக்கிக் கூட்டிப்போனாள்.